இறங்கிட்டான்

லிஃப்ட் மேலே போய்ச் சேர எவ்வளவு நேரம் பிடிக்கிறதோ, அவ்வளவு நேரத்துக்குத்தான் அந்த ஒளிபரப்புக் கோபுரத்துக்கு வரலாறு. ஒரு வாக்கியம் கூடினாலும் கதவு திறந்துவிடும். சனம் பாதிப் பேச்சில் இறங்கி ஓடி, பார்வை மாடத்துக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, தங்கள் வீட்டு மொட்டைமாடி தெரிகிறதா என்று தேட ஆரம்பித்துவிடும். அதனால் லிஃப்ட் அக்கா தன் பேச்சை நறுக்கித் தைத்து வைத்திருந்தாள். வானொலி மட்டும் இருந்த காலத்தில் ஒரு குட்டைக் கம்பத்தை வைத்துக்கொண்டு ஊர் எப்படிச் சமாளித்தது, தொலைக்காட்சி வருகிறது என்றதும் ஏன் இவ்வளவு உயரம் தேவைப்பட்டது, முதல் நாள் படம் தெரியாமல் வெறும் புள்ளிகளையே ஊர்ச்சனம் எவ்வளவு பொறுமையாக உட்கார்ந்து பார்த்தது, இதெல்லாம் அதில் வரும். புள்ளிகளைச் சொன்னதும் எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்து முடிக்கவும் கதவு திறக்கவும் சரியாக இருக்கும்.

அவளுக்குப் பேர் இல்லாமல் இல்லை. ஆனால் துப்புரவுக்காரர் முதல் மேலாளர்வரை அங்கே எல்லோருக்கும் அவள் லிஃப்ட் அக்காதான். மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். எதற்காக வரும் என்பதை மட்டும் யாரும் விசாரித்ததில்லை.

ஐம்பதாம் ஆண்டு விழா நெருங்கியபோது மேலாளர் அவளை அழைத்துப் புதுப் பேச்சு ஒன்றைக் கையில் கொடுத்தார். தலைமை அலுவலகத்தில் யாரோ குளுகுளு அறையில் உட்கார்ந்து எழுதியது. பாதிக்கு வந்ததும் அவளுக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "ஓர் உயிர்ச்சேதம்கூட இன்றி எழுந்து நின்ற பெருமைக்குரிய நமது கோபுரம்" என்று இருந்தது.

"இதை நான் சொல்லமாட்டேன்," என்றாள்.

"ஏன்க்கா, நீளமா இருக்கா?"

"பொய்யா இருக்கு."

மேலாளர் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரிப் பேசுவார், அவ்வளவுதான். அவளை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். "உங்க அப்பா விஷயம் எனக்குத் தெரியும்க்கா. ஆனா விசாரணையில தெளிவா இருக்கே. அவரு கம்பத்துல இருந்து இறங்கிட்டாரு. கூட வேலை செஞ்ச அத்தனை பேரும் அதைத்தான் சொல்லியிருக்காங்க. இறங்கினதுக்கு அப்புறம் கீழ வளாகத்துல வேற ஏதோ விபத்து. கோபுரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

"இறங்கி நின்ன மனுஷனுக்கு உடம்புல ஒரு எலும்புகூட முழுசா இல்லாம போகுமா?"

"நான் அந்தக் காலத்துல பொறக்கவே இல்லையேக்கா."

இத்தனை வருஷமும் அந்தப் பொய் ஏதோ ஒரு பழைய விழா மலரின் மூலையில் கிடந்தது. அவள் வாயால் அதைச் சொல்லவேண்டி வந்ததில்லை. இப்போது அதைப் பித்தளைத் தகட்டில் வெட்டி நுழைவாயிலில் பதிக்கப்போகிறார்களாம். லிஃப்டில் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் அவள் அதைச் சிரித்த முகத்தோடு சொல்லவேண்டுமாம். செத்தவனுடைய மகள் வாயாலேயே அவன் சாகவில்லை என்று சொல்லவைக்கிறார்களே, இதற்குமேல் ஒரு மனுஷியை எப்படி அவமானப்படுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவள் எழுந்து நின்றுவிட்டதைப் பார்த்து மேலாளர் கையைக் காட்டினார். "ஒண்ணு செய்யலாம். பழைய தொழிலாளிங்களைப் பேசவைச்சு விழாவுக்கு ஒரு படம் எடுக்கிறோம்ல. நேர்ல பார்த்த ஒருத்தர், ஒரே ஒருத்தர், கேமரா முன்னாடி வந்து உங்க அப்பா மேலேர்ந்து விழுந்தாருன்னு சொல்லட்டும். அந்த வரியை நானே எடுத்துடறேன். அவரு பேரையும் தகட்டுல போடறேன். இது என் வாக்கு."

நேரில் பார்த்தவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்ற தைரியத்தில் கொடுத்த வாக்கு அது. ஆனால் ஒருவர் மிச்சமிருந்தார் என்பது லிஃப்ட் அக்காவுக்குத் தெரியும். எந்த மூஞ்சியில் விழிக்கவே கூடாது என்று அவளுடைய அம்மா சொல்லி வளர்த்தாளோ, அந்த மூஞ்சி.

அவரை வவ்வால் என்பார்கள். மாடத்துக்கு மேலே வானத்தில் குத்தி நிற்கிற உச்சிக் கம்பத்தில், காலை மாட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கியபடி போல்ட் முறுக்குவதில் கெட்டிக்காரர். அவளுடைய அப்பாவும் அவரும் ஜோடி. அப்பா போனபோது கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தவர் அவர்தான். விசாரணையில் "அவன் இறங்கிட்டான் சார்" என்று முதலில் சொன்னவரும் அவர்தான். மற்றவர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். நிர்வாகம் அந்த ஒரு சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, செத்தவன் குடும்பத்தைக் கேட்டுக்கு வெளியே தள்ளியது. அன்றைக்கு அம்மா அந்தக் கேட்டிலேயே வவ்வாலின் சட்டையைப் பிடித்து உலுக்கி, "உன் நாக்கு அழுகிப் போயிடும்டா" என்றாள். அவர் குனிந்த தலை நிமிரவில்லை.

அதற்குப் பிறகும் அவருக்குக் கோபுரத்திலேயே வேலை இருந்தது. முழங்கால் விட்டுப்போகிறவரை கம்பத்தில் ஏறினார். லிஃப்ட் அக்கா வேலைக்குச் சேர்ந்த பிறகு பல வருஷம் காலையில் அவரை மேலே கொண்டுபோய் விட்டது அவள்தான். அவர் மூலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவள் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஊரே ஏறி இறங்குகிற லிஃப்டில் ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு பேர் வருஷக்கணக்கில் போய்வந்தார்கள். ஒரு பொய்க்குக் கிடைத்த கூலியைத் தானே தினமும் மேலே ஏற்றிவிடவேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு வயிறு எரியும்.

பின்னே ஏன் அங்கே வேலைக்குச் சேர்ந்தாய் என்று கேட்கலாம். அம்மாவும் கேட்டாள். என் முகத்தைத் தினமும் பார்த்து அவன்கள் கூசட்டும் என்றுதான் சேர்ந்தாள். ஆனால் வவ்வாலைத் தவிர, அவள் யார் என்றே அங்கே அப்போது ஒருத்தனுக்கும் தெரிந்திருக்கவில்லை. அந்த ஏமாற்றத்தைவிடப் பெரிய ஏமாற்றம் அவள் வாழ்க்கையில் இல்லை. அம்மா அவளோடு வெகுநாள் பேசவில்லை. அந்த வீட்டில் இன்றுவரை தொலைக்காட்சிப் பெட்டி கிடையாது. "எம் புருஷன் போன இடத்துலேர்ந்து வர்ற பாட்டும் கூத்தும் எனக்கு எதுக்கு" என்பாள். மறுபடி பேச ஆரம்பித்த அன்றைக்கு அம்மா கேட்ட முதல் கேள்வி, "மேலேர்ந்து கீழ பாத்தா எவ்வளவு ஆழம் இருக்கும்?" என்பது. "அவ்வளவு ஒண்ணும் இல்லம்மா" என்று மகள் பொய் சொன்னாள்.

வவ்வால் தன் மகள் வீட்டில் இருந்தார். தரைத்தள வீடு. லிஃப்ட் அக்கா போனபோது ஒரு மேசை விசிறியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் கையிலிருந்த திருப்புளியை மெதுவாக, ஓசை வராமல் தரையில் வைத்தார்.

"அம்மா நல்லா இருக்காங்களா?"

"அதை நீங்க கேக்காதீங்க." முறை வைத்துக் கூப்பிட அவளுக்கு நாக்கு எழவில்லை.

அவர் தலையாட்டினார். அவள் உட்காரவில்லை. விஷயத்தைப் போட்டு உடைத்தாள். தகடு, புதுப் பேச்சு, மேலாளர் கொடுத்த வாக்கு. "வேற ஒண்ணும் வேணாம். நீங்க வாங்கின சம்பளம், பென்ஷன் எல்லாம் உங்களோடவே இருக்கட்டும். கேமரா முன்னாடி ஒரே ஒரு வார்த்தை. அப்பா விழுந்தாருன்னு."

அவர் சட்டென்று மேலே பார்த்தார். மேலே வெறும் கூரைதான் இருந்தது. "அந்த வார்த்தைய அப்படிச் சட்டுனு சொல்லாதம்மா," என்றார்.

"ஏன், சுடுதா?"

கிழவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஏதோ சொல்ல வந்தவர் மாதிரி இரண்டு முறை வாயெடுத்தார். கடைசியில் "வரேன்" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "வரமாட்டான். வந்தாலும் சொல்லமாட்டான். சொல்றவனா இருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பான்," என்றாள் சுவரைப் பார்த்து.

ஆனால் அவர் வந்தார். தேய்த்த சட்டை, புதுச் செருப்பு. காலை வெயில் ஏறியிருந்தது. கீழே பார்வையாளர் வரிசை கம்பித் தடுப்புக்குள் வளைந்து வளைந்து நின்றது. படம் எடுத்து முடிக்கும்வரை யாரையும் மேலே விடவில்லை. பெயிண்ட் அடிக்கிறார்கள் என்று இன்னொரு லிஃப்டை மூடிவைத்திருந்ததால் எல்லோருக்கும் இவளுடைய லிஃப்ட் ஒன்றுதான் கதி. மேலாளர், கேமராக்காரர், வவ்வால் மூவரையும் ஏற்றிக்கொண்டு போனாள். கிழவர் தன் பழைய மூலையிலேயே போய் நின்றார்.

மாடத்தில் கண்ணாடிக்கு முன்னால் நாற்காலி போட்டு, சட்டையில் மைக்கைக் குத்தினார்கள். மேலாளர் கேள்வி கேட்டார். முதல் ஆண்டெனாவை எப்படி ஏற்றினீர்கள், காற்று எப்படி இருக்கும், பயமாக இருக்காதா. கிழவர் பேச்சில் ருசி கண்டுவிட்டார். கயிற்றில் கட்டி மேலே அனுப்புகிற சாப்பாட்டைக் கீழே இருக்கிறவன் பாதி தின்றுவிட்டு அனுப்பிய கதையைச் சொன்னார். உயரம் என்றாலே பயந்து சாகிற ஓர் எஞ்சினியர், தரையில் நின்றுகொண்டே ஒலிபெருக்கியில் அவர்களை விரட்டுவாராம். அவருக்குத் தரைச்சிங்கம் என்று பேர் வைத்திருந்தார்களாம். கேமராக்காரர் தோள் குலுங்கச் சிரித்தார். லிஃப்ட் அக்கா சிரிக்கவில்லை. லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

மேலாளர் குரலைத் தணித்துக்கொண்டு, "உங்க ஜோடிக்காரர் பத்திச் சொல்லுங்க ஐயா. அவருக்கு என்ன ஆச்சு?" என்றார்.

வவ்வால் கழுத்தை வளைத்து மேலே பார்த்தார். "மேல ஆள் இருக்கா?" என்று கேட்டார்.

"கம்பத்துலயா? ரெண்டு பேர் இருக்காங்க. விழாவுக்குப் புது விளக்கு மாட்டுறாங்க."

கிழவர் நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்தார். லிஃப்ட் அக்கா பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு கேமராவைப் பார்த்துச் சொன்னார். "அவன் இறங்கிட்டான்."

"கம்பத்துல இருந்து இறங்கிட்டாரு," என்று மேலாளர் எடுத்துக்கொடுத்தார்.

"இறங்கிட்டான்."

அவள் எப்படி அங்கே போனாள் என்று அவளுக்கே தெரியாது. கிழவரின் சட்டை அவள் கையில் இருந்தது, மைக் பிய்ந்து தொங்கியது. "ஏன்யா, இதைச் சொல்றதுக்கா சட்டையைத் தேய்ச்சுப் போட்டுக்கிட்டு வந்தீங்க? எங்கம்மா இவ்வளவு வருஷமா செத்துச் செத்துப் பிழைக்கிறாளே, அது போதலையா? இன்னும் யாருக்குப் பயப்படுறீங்க? உங்களுக்குச் சம்பளம் கொடுத்தவன்கூட செத்துட்டான்யா."

மேலாளர் அவள் தோளைத் தொட்டார். அவள் உதறினாள். கிழவர் சட்டையை விடுவித்துக்கொள்ளக்கூட முயலவில்லை.

"மேல ஆள் இருக்கும்போது அந்த வார்த்தைய வாயால சொல்லக் கூடாதும்மா," என்றார். "ஒரு ஸ்பேனர் கை தவறினாக்கூட 'இறங்கிடுச்சு'ன்னுதான் கத்துவோம். மனுஷனுக்கும் அதே வார்த்தைதான். கம்பத்துல முதல் நாள் ஏறும்போதே இதைச் சொல்லித்தான் ஏத்துவாங்க. அந்தச் சொல்லு காதுல பட்டா மேல இருக்கறவன் கை நடுங்கும். அங்க கைதான் உயிரு."

"இங்க பேசுறது அவங்களுக்குக் கேக்கவா போகுது?"

"அவங்களுக்குக் கேக்காது. எனக்குக் கேக்கும்ல."

"அப்ப விசாரணையில? அங்கயும் கம்பத்துல தொங்கிக்கிட்டா பதில் சொன்னீங்க?"

"அன்னிக்கும் மேல ஆள் இருந்தான்மா." கிழவர் குரல் முதன்முறையாகச் சூடேறியது. "உங்கப்பனை ஏத்தின வண்டி கேட்டைத் தாண்டல, அடுத்த ஷிப்டை மேல ஏத்திட்டானுங்க. திறப்பு விழாவுக்குத் தேதி குறிச்சாச்சாம். ரத்தத்து மேல மண்ணைப் போட்டு மூடிட்டு ஏறுங்கடான்னானுங்க. விசாரணை கீழ ஷெட்டுல. தலைக்கு மேல எங்க ஆளுங்க தொங்குறாங்க. எல்லாரையும் கீழ இறக்குங்க சார், இறக்கினா நடந்ததை நடந்தபடி சொல்றோம்னு கெஞ்சினோம். என்னடா ஸ்ட்ரைக்கான்னு கேட்டாரு அந்த அதிகாரி. இருக்கறதை இப்பச் சொல்லு, இல்லன்னா வாயை மூடிட்டுப் போன்னாரு. எங்களுக்குத் தெரிஞ்ச பாஷையில சொன்னோம். இறங்கிட்டான்னு. அதுக்கு என்ன அர்த்தம்னு அவரு கேக்கல. எழுதிக்கிட்டாரு."

"அதுக்கப்புறம் எங்க வீட்டுக்காவது வந்து சொல்லியிருக்கலாமே?"

"வேலை முடிஞ்சு கம்பம் காலியா நின்ன அன்னிக்கு வந்தேன். உங்கம்மா கதவை மூஞ்சியில சாத்திட்டாங்க. ஆபீசுக்குப் போனேன். ஃபைலை மூடியாச்சுன்னாங்க. அது சொல்லக் கூடாத வார்த்தை, அதான் இறங்கிட்டான்னோம்னேன். நீ கூடவா இந்தக் கதையெல்லாம் நம்புறன்னு சிரிச்சாங்க."

அவள் சட்டையை விட்டாள். இத்தனை வருஷமாக அவர்மேல் வைத்திருந்த கோபம் முழுவதும் போக இடமில்லாமல் அவளுக்குள் நின்றது. ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம் வேலையை நிறுத்தியிருந்தால் அப்பா செத்தது செத்ததாக இருந்திருக்கும். தொங்குகிறவனுக்குக் கை நடுங்கக் கூடாது என்று தொழிலாளிகள் தங்களுக்குள் கட்டிக்காத்த மரியாதையை நிர்வாகத்துக்காரன்கள் கத்தியாக எடுத்து இவர்கள் கழுத்திலேயே வைத்திருக்கிறான்கள். அதற்குப் பிறகு இன்றைக்குவரை அதையே படித்து, அதையே அச்சடித்து, இப்போது பித்தளையில் வேறு வெட்டுகிறார்கள்.

லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில், அவள் நிற்கிற இடத்தில், காற்றுச் சைரனின் சிவப்புப் பொத்தான் இருக்கிறது. காற்று மிஞ்சினால் அதை அமுக்கவேண்டியது அவள் பொறுப்பு. சைரன் ஊதிவிட்டால் கம்பத்தில் இருக்கிறவன் எந்த வேலையில் இருந்தாலும் போட்டது போட்டபடி கீழே வந்துவிடவேண்டும். கண்ணாடிக்கு வெளியே கொடிகூட அசையவில்லை. அவள் போய் அமுக்கினாள்.

"அக்கா, என்ன பண்றீங்க? காத்து எங்க அடிக்குது?"

"எனக்கு அடிக்குது," என்றாள்.

சைரன் ஊர் முழுக்கக் கேட்கும்படி ஊதியது. மேலாளருடைய போன் விடாமல் அடித்தது. அவர் ஒவ்வொருவருக்கும் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, சோதனை என்று சொல்லிக்கொண்டே மாடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். கம்பத்து ஏணி வழியாக இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். இடுப்பில் வார், கையில் உறை, முகத்தில் குழப்பம். அவள் எல்லோரையும் லிஃப்டில் ஏற்றினாள். கேமராவையும் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். கேமராக்காரர் மேலாளரைக் கேட்காமலே எடுத்துக்கொண்டார்.

கீழே வந்ததும் கிழவர் வெளியே போய் வளாகத்தில் நின்றார். இரண்டு பேரின் கால்களும் தரையில் படுகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார். "வேற யாரும் இல்லையே?" என்றார். இல்லை என்றார்கள்.

"விழுந்தான்," என்றார்.

பிறகு மறுபடி, வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சொன்னார். "மேலேர்ந்து விழுந்தான். நான் கையை நீட்டினேன், எட்டல. கால் வைச்சு நிக்கக் கட்டை போட்டுத் தாங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தோம், தரல. வெறும் கம்பியில நின்னு முறுக்கினான். விழுந்தான். அங்க."

அவர் கை காட்டிய இடத்தில், பார்வையாளர் வரிசை வளைகிற கம்பித் தடுப்பு நின்றது. தினமும் காலையில் லிஃப்ட் அக்கா அந்த இடத்தை மிதித்துக்கொண்டுதான் வேலைக்கு வருகிறாள். அங்கே நின்றிருந்த ஒரு பெண் தன்னையறியாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள். இந்த ஒரு சொல்லைக் கேட்டால் பாரம் இறங்கிவிடும் என்றுதான் லிஃப்ட் அக்கா நினைத்திருந்தாள். பாரம் இறங்கவில்லை. யாரையாவது அறையவேண்டும் போலிருந்தது, அழுகையும் கூடவே வந்தது.

மேலாளர் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டு பக்கத்தில் வந்தார். உண்மையிலேயே உருகியிருந்தார். "நான் வாக்கு மாறமாட்டேன்க்கா. அந்த வரியை எடுத்துடலாம். 'ஒரே ஓர் உயிரைத் தந்து உயர்ந்த கோபுரம்'னு போடுவோம். கீழ உங்க அப்பா பேரு. கேக்கவே நெஞ்சைத் தொடுது, இல்ல? அம்மாவையும் விழாவுக்குக் கூட்டிட்டு வாங்க, மந்திரி கையால பொன்னாடை போர்த்திடலாம்."

அவள் கேட்டது அதுதானே. அம்மாவைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துக் கூட்டிவந்து அந்தத் தகட்டைத் தடவிப் பார்க்கச் சொல்லலாம். வாயில் சரி என்ற சொல் வந்துவிட்டது.

"ஒருத்தனா?" என்றார் வவ்வால்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"ஒருத்தன்னு யாரு சொன்னது? இன்னும் மேல ஆள் ஏறலையே, இப்பவே சொல்லிடறேன். ஒட்டகம்னு ஒருத்தன் விழுந்தான். அவன் உங்கப்பனுக்கு முன்னாடி. ரெட்டைப் பசங்கள்ல மூத்தவன் விழுந்தான், இளையவன் அதைப் பாத்துட்டு இருந்தான். மீசைக்காரர் விழுந்தாரு, அவருக்குப் பொண்ணு கல்யாணம் வச்சிருந்தது."

ஒட்டகம் என்பது லிஃப்ட் அக்காவுக்குத் தெரிந்த பேர். கோபுரம் எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாகத் தகரக் கொட்டகைகளில் இருந்தன. ஒட்டகத்தின் மகள் அவளோடு விளையாடுகிறவள். ஒருநாள் விடிந்து பார்த்தால் அவர்கள் கொட்டகை காலி. எங்கே போனார்கள் என்று கேட்டதற்குக் கம்பத்து ஆள் யாரோ, "அவங்கப்பா இறங்கிட்டாரு" என்றார்கள். கொட்டகையை விட்டு நல்ல வீட்டுக்குப் போய்விட்டார்களாக்கும் என்று அவள் பொறாமைப்பட்டாள். நம்ம அப்பா எப்போ இறங்குவாரு என்றுகூட வீட்டில் கேட்டிருக்கிறாள். பிறகு அந்தப் பெண்ணை அடியோடு மறந்துபோனாள். அவளும் எங்கேயோ ஒரு வீட்டில், தொலைக்காட்சிப் பெட்டி வேண்டாம் என்கிற ஓர் அம்மாவோடு இருப்பாள். அவளுக்காகச் சண்டை போட இந்தக் கோபுரத்தில் யாருமே இல்லை.

"ஐயா, ஐயா," என்று மேலாளர் இடையில் புகுந்தார். "அதெல்லாம் தனியா உட்கார்ந்து பேசுவோம். இப்போதைக்கு அக்கா விஷயம் முடிஞ்சுதுல்ல, அது போதும்." அப்படியே கம்பத்து ஆட்கள் பக்கம் திரும்பினார். "நீங்க ஏன்பா வேடிக்கை பாத்துட்டு நிக்கிறீங்க? காத்தெல்லாம் ஒண்ணும் இல்ல. மேல ஏறுங்க. சாயங்காலம் விளக்கு எரிஞ்சாகணும்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு லிஃப்டை நோக்கி நடந்தார்கள்.

"பாட்டுக்காரன் விழுந்தான்," என்று கிழவர் அவசர அவசரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "அவன் தம்பியும் அதே வாரம்," என்றவர் லிஃப்டுக்குள் ஒரு கால் போவதைப் பார்த்தார். பேச்சு அப்படியே அறுந்தது. கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "இறங்கிட்டான்."

லிஃப்ட் அக்கா வேகமாக நடந்து போனாள். உள்ளே கையை விட்டுச் சாவியைத் திருப்பி உருவினாள். விளக்கு அணைந்தது. "வெளிய வாங்க தம்பிங்களா," என்றாள். வந்தார்கள்.

"அக்கா, சாவியைக் கொடுங்க."

"இவர் சொல்லி முடிக்கிறவரைக்கும் ஒருத்தரும் மேல ஏறமாட்டாங்க."

"விளையாடாதீங்க. நாளைக்கு மந்திரி வர்றாரு."

"அவரைப் படியில ஏறச் சொல்லுங்க. பாதி வழியில மூச்சு வாங்கும்போது யாரு கட்டினதுன்னு யோசிக்கட்டும்."

மேலாளரின் குரலில் இருந்த வாழைப்பழம் போய்விட்டது. "உங்க அப்பாவுக்கு நியாயம் கிடைக்கிற நேரத்துல நீங்களே கெடுத்துக்கிறீங்க. தகடும் போயிடும், வேலையும் போயிடும். யோசிச்சுப் பேசுங்க."

"அப்ப நானும் இறங்கிட்டேன்னு எழுதிக்கோங்க," என்றாள். "எழுதறதுதான் உங்களுக்கு நல்லா வருதே."

கம்பத்து ஆட்களில் மூத்தவர் இடுப்பு வாரைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். மற்றவரும் உட்கார்ந்தார். கேமராக்காரர் கேமராவை அணைக்கவில்லை. வரிசையில் நின்ற சனம் தடுப்பை விட்டு வெளியே வந்து கிட்டத்தில் கூடியது. மேலாளர் போனைக் காதில் வைத்துக்கொண்டு யாரையோ அவசரமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவள் சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு கிழவருக்கு எதிரே வந்து நின்றாள். எல்லோரும் தரையில் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும்படி ஒவ்வொருவராகக் கை காட்டினாள்.

"பாட்டுக்காரரோட தம்பிக்கு என்ன ஆச்சு, சித்தப்பா?"

"விழுந்தான்மா."

"அப்புறம் யாரு?" என்றாள்.